தோள் இல்லாத செடி

எங்கள் கஸ்ரீன் பக்கம் வேலை கிடைக்கப் படிப்பு போதாது, தோள் வேண்டும். சிபாரிசுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. மாமனோ கட்சிக்காரனோ, யார் தோளிலாவது ஏறினால்தான் ஆள் கண்ணுக்குத் தெரிவான். என் அம்மா மலையில் ரோஸ்மேரி வெட்டுகிறவள். அவள் தோளில் செடிக்கட்டுதான் இருக்கும்.

வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மண் மாறினால் ரோஸ்மேரி எண்ணெய் எப்படி மாறுகிறது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. ஊர் எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் இடம் காலி என்று தெரிந்ததும் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலாளி லஸாத்தை ஊரே ‘சி’ போட்டுத்தான் கூப்பிடும், ஐயா என்பதுபோல. சி லஸாத் நாலு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

“நீயே எழுதியிருக்கியே மகளே, மண்ணு எப்படியோ செடி அப்படின்னு. அருவா புடிச்ச வீட்டுப் பொண்ணு இங்க வந்து உக்காந்தா வாசம் மாறிடாதா?”

“செடிக்குத்தான் எழுதினேன் சி லஸாத். ஆளுக்கு இல்ல.”

“எல்லாம் ஒண்ணுதான், போ.”

வேலை அவருடைய அக்கா மகன் அனிஸுக்குப் போனது. தலைநகரில் ஹோட்டல் நிர்வாகம் படித்தவன். அவன் எந்த மண் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் மேல்மலை சுண்ணாம்புக்கல். அங்கே வளரும் ரோஸ்மேரியின் எண்ணெயில் யூகலிப்டஸ் வாசம் அடிக்கும். சாலையோரச் சரிவு ஜிப்சம். அங்கே கற்பூரம் தூக்கல். மேலே லாரி ஏறாது என்று அனிஸ் பாதியைச் சாலையோரத்தில் வெட்டச் சொன்னான். இரண்டையும் ஒரே கொப்பரையில் வடித்து, புட்டியில் ‘சுண்ணாம்பு மலை’ என்றே ஒட்டினான்.

வாங்க வந்த இத்தாலிக்காரி முகர்ந்து பார்த்துவிட்டு, கற்பூரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாளாம். ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம், அதனால் என்றானாம் அனிஸ். அவள் கைப்பையை எடுத்துவிட்டாள்.

சி லஸாத்திடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“ஹாஜர், மகளே, டாக்டர்! ஓடி வாம்மா!”

“நான் அருவா வீட்டுப் பொண்ணு. வாசம் மாறிடுமே.”

“குத்திக் காட்டாத. அந்த அம்மாவுக்கு ஒரு காபி குடுத்து உக்கார வச்சிருக்கேன், அவ்வளவுதான்!”

“வேலை உத்தரவுல கையெழுத்துப் போடுங்க. நகராட்சில அத்தாட்சி முத்திரை வாங்குங்க. அப்புறம் வர்றேன்.”

முத்திரை விழாத கையெழுத்தை எங்கள் நாட்டில் போட்டவனே நம்பமாட்டான்.

“வெள்ளிக்கிழமைம்மா! தொழுகைக்கு முந்தி முடிக்கணும்னு வரிசை தெருவரைக்கும் நிக்குமே!”

“நில்லுங்க.”

அவர் எங்கே நின்றார்? முத்திரை குத்துகிறவர் அவருடைய சம்பந்தி. காபி ஆறுவதற்குள் காகிதம் என் கையில். போனேன்.

“ரெண்டு மண்ணு, ரெண்டு எண்ணெய். கலந்ததுதான் தப்பு. தனித்தனியா வடிச்சுத் தர்றேன், தனித்தனிப் பேர்ல” என்றேன் இத்தாலிக்காரியிடம். கைப்பை மறுபடி மேசைமேல் உட்கார்ந்தது. கலந்தது அவள் முன்னாலேயே வெளியானதில் சி லஸாத்தின் முகம் மட்டும் ஜிப்சமாக வெளுத்திருந்தது.

படித்து வாங்கிய வேலைக்கும் கடைசியில் தோள்தான் முத்திரை குத்தியது. யார் இந்தப் பெண் என்று சம்பந்தி கேட்டதற்கு, “நம்ம வீட்டுப் பொண்ணு” என்றாராம் சி லஸாத்.

அம்மாவிடம் சொன்னேன். செடிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“நம்ம வீட்டு ஆளா? அப்ப நாளைக்கு அருவாளோட மலைக்கு வரச் சொல்லுடி.”