மூன்றாம் எண் எஞ்சினின் இருமல்

கடிகாரக்காரரின் கை நிதானமான கை. ஒருமுறை கைக்கடிகாரத்துக்குள் புகுந்துவிட்ட எறும்பை, நொடி முள் நிற்காமல் வெளியே எடுத்து, அதன் பின்னங்காலில் ஒட்டிய எண்ணெயையும் துடைத்து அனுப்பியவர். நம்பாதவர்கள் அந்த எறும்பையே கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கையாலேயே, உள்ளங்கை நீள நீராவி எஞ்சின் ஒன்றுக்குக் குரல் வைக்க அவருக்கு எட்டு மாதம் ஆனது. பொம்மை எஞ்சின் என்று அவர் காதுபட யாரும் சொல்வதில்லை, மாதிரி எஞ்சின். அதன் குட்டித் தண்டவாளத்தில் மின்சாரத்தோடு கட்டளையும் கலந்து வரும். எஞ்சினின் வயிற்றில் உட்கார்ந்திருக்கும் டிகோடர் என்கிற நகத்தளவுச் சில்லு அதைப் பிரித்துப் படிக்கும். ஓடு என்றால் ஓடும், ஊது என்றால் ஊதும். வயிற்றில் இடம்தான் கிடையாது. பாரத்துக்கு வைத்திருந்த ஈயக்கட்டியை ராவி ராவிச் சில்லுக்கு இடம் பண்ணினார். சட்டைப் பொத்தான் அளவு ஸ்பீக்கரை நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஒளித்தார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு மூச்சு விட வேண்டும். மூன்றரை விட்டால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து.

ஆனால் அவருடைய பெருமை வேலையில் இல்லை, சத்தத்தில் இருந்தது. மற்றவர்கள் கடையில் விற்கிற சத்தத்தை வாங்கிப் போடுவார்கள். யாரோ பெற்ற பிள்ளைக்குத் தன் இனிஷியல் போடுகிற மாதிரி. இவருடையது அசல். மரமில்லில் இருந்த மூன்றாம் எண் எஞ்சினை உடைத்து இரும்புக்குப் போடும் முன், கடைசியாக ஒருநாள் நெருப்பு மூட்டினார்கள். மனைவி குடை பிடிக்க, இவர் சக்கரத்தோரம் நாலு மணி நேரம் குப்புறக் கிடந்து பதிவு செய்தார். நடுவில் புகை தொண்டையில் இறங்கி இவருக்கு ஒரு இருமல் வந்தது. அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அந்த ஒரு இருமலை மட்டும், நீராவி சிந்தாமல் வெட்டி எடுக்கவே எட்டு மாதத்தில் மூன்று மாதம் போயிற்று.

அந்த மூன்றாம் எண்ணை முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிய டிரைவர் பெரியவர் இன்னும் இருந்தார். காதுதான் எஞ்சினோடு போய்விட்டது. இடி இடித்தால், "கதவு திறந்துதான் இருக்கு, வாங்க" என்பார். ஆனால் தாடையை மரப்பலகையில் அழுத்திக்கொண்டால் எலும்பு வழியாகக் கேட்கும். "உங்கள் எஞ்சின் சத்தத்தை உங்களுக்கு நான் கேட்க வைக்கிறேன், முதலில் நீங்கள்தான்" என்று கடிகாரக்காரர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எட்டு மாதமும் அந்தச் சீட்டுக்காகத்தான்.

சீட்டு விஷயம் வேறு இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று மனைவி. இன்னொன்று மனைவியின் அண்ணன்; பல் டாக்டர். மச்சான் பல் பிடுங்கினால் வலி அடுத்த தெருக்காரருக்குத்தான் போகும், அவ்வளவு பக்குவம். தாடை வித்தையைச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. அவரிடமும் அதே ஜாடையில் ஒரு எஞ்சின் உண்டு, ஊமை.

"எனக்கெதுக்கு மாப்பிள்ளை சத்தம்? நாள் பூரா வாயத் திறந்தவங்ககூடத்தானே குடும்பம் நடத்துறேன். என் எஞ்சினாவது வாய மூடிக்கிட்டு ஓடட்டும்" என்பார். கடிகாரக்காரர் நம்பினார். இருபது வருஷம் ஒரே பலகையில் தண்டவாளம் பதித்த மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஞாயிற்றுக்கிழமை காலை, மாதிரி ரயில் சங்கத்தின் கண்காட்சி. பெரியவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்குக் கடிகாரக்காரர் தன் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். பக்கத்துத் தடத்தில் மச்சானின் ஊமை, நோயாளி கழுத்தில் கட்டுகிற பச்சைத் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது.

இங்கே ஒரு விஷயம். எந்தப் புது டிகோடரும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் எண் மூன்று. வாங்கியவர்தான் தன் எஞ்சினுக்கு வேறு எண் கொடுக்க வேண்டும். கடிகாரக்காரர் மாற்றவில்லை, அசல் எஞ்சினே மூன்றாம் எண் ஆயிற்றே. மாற்றச் சோம்பல்பட்டவர் இன்னொருவர் இருந்தார்.

கடிகாரக்காரர் கைக்கருவியில் மூன்றை அழுத்தி, "கண் முழி" என்று கட்டளை கொடுத்தார். அவருடைய எஞ்சின் பெருமூச்சு விட்டது. பச்சைத் துணிக்குள்ளிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு துணி தெளிவாக ஒருமுறை இருமியது.

கடிகாரக்காரர் கருவியைக் கீழே வைத்தார்.

"மச்சான், உங்க எஞ்சின் இருமுது."

"பனிக்காலம் பாருங்க மாப்பிள்ளை."

"அது என் இருமல்."

மச்சான் துணியை எடுத்து நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பதினாறாக மடியாததால் பேச வேண்டி வந்தது.

"தங்கச்சிதான் குடுத்தா."

தங்கச்சி கூடத்தின் மூலையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கடிகாரக்காரர் போய் நின்றார்.

"ஆமா, குடுத்தேன். அண்ணன் கேட்டான். அலமாரில அந்தப் பதிவுக் கருவி, நீங்க வெட்டாத முதல் பதிவோட, சும்மாதானே கிடந்துச்சு? கேட்டது என்ன, உங்க கிட்னியா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்றது? எட்டு மாசமா நீங்க பேசினதெல்லாம் அந்தக் கரிப்பெட்டிகூட. அண்ணனாவது என் முகத்தப் பாத்துக் கேட்டான்." அவள் ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

திரும்பி வந்து மச்சானிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"பெரியவருக்குப் போட்டுக் காட்டலையே?"

மச்சான் கூரையைப் பார்த்தார். இருபது வருஷம் நோயாளிகளைப் பார்க்கச் சொன்ன அதே கூரைப் பார்வை. "வியாழக்கிழமை பல் செட்டுக்கு அளவெடுக்க வந்தாரு. அச்சு இறுகற வரைக்கும் மனுஷன் சும்மா உக்காந்திருந்தாரு. பொழுது போகட்டுமேன்னு..."

பெரியவர் புதுப் பல்லோடு பத்து மணிக்குச் சரியாக வந்தார். மச்சானே தன் எஞ்சினைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். பெரியவர் குனிந்து தாடையைப் பலகையில் பதித்துக் கண்ணை மூடினார். கடிகாரக்காரர் எஞ்சினைக் கிளப்பினார். சுற்றுக்கு நாலு மூச்சு. சங்கத்தார் அத்தனை பேரும் பலகையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். மூன்று சுற்று போய் எஞ்சின் நின்றதும் பெரியவர் நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கு தம்பி. யாரோட எஞ்சின் இது?"

கடிகாரக்காரர் எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருந்த மூன்றைத் தொட்டுக் காட்டினார்.

"அட, இல்லப்பா. டாக்டர்கிட்ட இருக்கே, அதுதான் என்னோடது. அதுல நம்ம கரி அள்ளிப் போடுற ஆள் இருமுறான். முப்பது வருஷம் என் தோள்பக்கம் நின்னு இருமினவன், எனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை அழுதுட்டேன்."

கடிகாரக்காரர் ஒரு சீட்டில், 'அந்த இருமல் என்னுடையது' என்று எழுதி நீட்டினார். பெரியவர் இரண்டு தடவை படித்தார். பிறகு பரிவோடு அவர் முதுகைத் தட்டினார்.

"உனக்கு அவ்வளவு நெஞ்சு கிடையாது தம்பி."

சட்டைப்பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் கடிகாரக்காரர் கையில் வைத்தார். "கேட்டாச்சு. இதை வச்சு இனி எனக்கென்ன?"

அவர் நகர்ந்ததும் மச்சான் மெல்லக் கிட்டே வந்தார். "வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை. அந்த இருமல உங்க எஞ்சின்லயும் ஒட்டிடலாம். நான் தரேன்."

அன்று மாலை வீட்டில் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கண்காட்சிக் கூடத்தின் தூசியோ என்னவோ, கடிகாரக்காரருக்குத் தொண்டை கரகரத்தது. முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது. மனைவி தண்ணீரை நகர்த்தினாள். மச்சான், "இருமிடுங்க மாப்பிள்ளை, அடக்கக் கூடாது" என்றார், டாக்டர் என்ற முறையில்.

கடிகாரக்காரர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம்தான் இருமினார்.