மிச்சமான ஸ்க்ரூ

பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று எதையாவது பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினால், கடைசியில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாக நிற்கும். எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். ஃபிட்டர் வீட்டுப் பின்பக்கத் தகர ஷெட்டில் மட்டும் அது நடக்காது. அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு டப்பா மூடி. கழற்றுகிற ஸ்க்ரூ, நட்டு, கிளிப் எல்லாம் அந்த மூடிக்குள் போகும். வேலை முடிந்து மூடி காலியானதும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். மூடி கவிழாமல் எந்தச் சாமானும் ஷெட்டு வாசலைத் தாண்டாது. ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்த மனுஷன் போட்ட சட்டம் அது.

அன்றைக்குக் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்த அவர் மனைவி, பையைக்கூட இறக்கி வைக்காமல் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பெஞ்சின் மேல் ஒரு மூடி மல்லாக்கக் கிடந்தது. உள்ளே ஒரு பித்தளை ஸ்க்ரூ.

"இஸ்திரிப் பெட்டி எங்கங்க?"

ஃபிட்டர் தலை நிமிரவில்லை. யாரோ பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் காலத்து இழைப்புளி ஒன்று அவர் முன்னால் இருந்தது. இரண்டு நாள் வினிகரில் ஊறவைத்துத் துருவை எடுத்திருந்தார். இப்போது அதன் பிளேடைச் சாணைக்கல்லில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார்.

"தையல்காரம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டா. ஸ்கூல் யூனிஃபார்ம் முப்பது உருப்படி இன்னைக்கே கொடுக்கணுமாம், அவசரம்னா."

"சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேனே நான்!"

"நேத்தே முடிச்சு வெச்ச சாமான். சாயங்காலம் வரைக்கும் அடைகாக்கவா சொல்ற?"

அவர் பிளேடின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். வழுக்காமல் கடித்தது. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், அந்த மூடி மல்லாக்கக் கிடந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. படாது என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு மாதமாகத் தெரியும். அவர் பார்வையின் நடுவில் ஏதோ புகை விழுந்துவிட்டது. நேரே பார்ப்பதைவிட ஓரக்கண்ணால் பார்ப்பது அதிகமாகிவிட்டது. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன போட்டிருக்கான், படி கேட்கலாம்" என்று சாவகாசமாக அவளிடம் நீட்டுவார். அவளும் படிப்பாள். இரண்டு பேரும் அதைப்பற்றி மூச்சு விட்டதில்லை.

இரும்புச் சாமானுக்குக் கண் வேண்டியதில்லை. ரம்பம், உளி, இழைப்புளி என்று எந்தத் துருப்பிடித்த பழசு வந்தாலும் விரலே அவருக்குக் கண். தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். வந்த வினை கரண்ட் சாமானில்தான். ஒயரின் நிறம் விரலுக்குத் தெரியுமா, சொல்லுங்கள். முதல்முதலில் ஒரு டேபிள் ஃபேனின் அடியில், ஷாக் அடிக்காமல் காக்கிற பச்சை எர்த் ஒயர் கழன்று தொங்குவதை அவள்தான் பார்த்தாள். அவர் மதியம் தூங்குகிற ஒரு மணி நேரத்தில் அதைத் திறந்து, ஒயரை அதன் இடத்தில் மாட்டி முறுக்கி வைத்தாள். இத்தனை வருஷம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கைதானே, இதுகூடவா தெரியாது என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு தடவைதான் என்றும் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததோடு சரி. அதற்கப்புறம் வந்த ஒவ்வொன்றையும் மதியத்தில் திறந்தாள். அதற்காகத்தான் வருகிறவர்களையெல்லாம் "சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிப் பழக்கி வைத்திருந்தாள். இந்த இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் நேற்று மதியம் நேரம் வாய்க்கவில்லை, இன்று மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

ஏன் நேரடியாகச் சொல்லவில்லை என்று கேட்பது சுலபம். ஆலையை மூடியபோது இந்த மனுஷன் இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். குளி என்றால் குளிப்பார், சாப்பிடு என்றால் சாப்பிடுவார், திரும்பவும் சுவர். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துருப்பிடித்த ரம்பத்தைக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தார். அந்த ஷெட்டு போனால் இந்த ஆள் திரும்பவும் கட்டிலுக்குப் போவார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஸ்க்ரூவை முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்க்ரூடிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க ஓடுற?"

"காய்க்காரன் மிச்சச் சில்லறை தரலைங்க."

நாலாவது சந்தில் தையல்காரம்மா வீடு. முன்னறைதான் கடை. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். இவள் உள்ளே போன வேகத்தில் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"அய்யய்யோ, என்னக்கா!"

"ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. ஒரு ஸ்க்ரூ போட மறந்துட்டாராம். இப்பதான் ஞாபகம் வந்து என்னைத் துரத்தி விட்டாரு."

பொய் அவள் வாயில் வெண்ணெயாக வழுக்கியது. எட்டு மாதப் பழக்கம்.

"அதானா!" தையல்காரம்மா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். "காலைல இருந்து ரெண்டு தடவை கையில சுர்ருன்னுச்சுக்கா. வேற யாராவது பார்த்ததுன்னா அப்பவே ஓரமா வெச்சிருப்பேன். நம்ம ஃபிட்டர் ஐயா கை பட்டதாச்சே, அதுல என்ன இருக்கப் போகுதுன்னு நானும் தேய்ச்சுக்கிட்டே இருந்துட்டேன்."

ஃபிட்டர் மனைவி இடுப்பிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். பெட்டியின் பின்மூடியைத் திறந்தாள். பச்சை ஒயர் எங்கும் ஒட்டாமல் கிடந்தது. ஒயர் முனையில் ஒரு குட்டி வளையம், ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக நொறுங்கினாற்போல. அதைக் குப்பையில் தட்டிவிட்டு, ஒயரை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினாள். மூடியை மாட்டினாள்.

"அக்கா, நீங்களே இவ்வளவு வேலை கத்து வெச்சிருக்கீங்களே! ஐயா கொடுத்து வெச்சவரு."

"இனிமே பயமில்ல, தேய்ச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட வேண்டியவள்தான். முடியவில்லை. 'நம்ம ஃபிட்டர் ஐயா கை பட்டதாச்சே' என்ற பேச்சு காதிலேயே நின்றது. அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்தது யார்? இவள். அந்தப் பெயரை நம்பித்தான் அந்தப் பெண் சுர்ரென்று இழுக்கிற பெட்டியைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால்? புருஷனைக் கட்டிலிலிருந்து காப்பாற்றப் போய் ஊரான் வீட்டுப் பெண்ணைச் சாக விடப் பார்த்தோமே, நாமெல்லாம் மனுஷியா என்று நடுத்தெருவில் நின்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நேரே ஷெட்டுக்குள் போனாள். உட்காராமலே சொன்னாள்.

"தையல்காரம்மா பெட்டியில எர்த் ஸ்க்ரூ போடாம கொடுத்துட்டீங்க. அவளுக்கு ரெண்டு தடவை ஷாக் அடிச்சிருக்கு. உங்களுக்குக் கண்ணு தெரியலைங்க."

சாணைக்கல்லில் பிளேடு நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரே வீட்டுல தானே இருக்கேன். எட்டு மாசமா தெரியும். நீங்க முடிச்சு வெக்கிற கரண்ட் சாமானையெல்லாம் நீங்க தூங்குறப்ப தொறந்து பார்த்துட்டுத்தான் கொடுத்துக்கிட்டிருந்தேன்."

"எத்தனை?"

குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "பதினொண்ணு. ஏழுல ஒரு குறையும் இல்ல. நாலுல எர்த் கழண்டு கிடந்துச்சு. மாட்டி விட்டேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"ஊரே கைராசிக்காரன்னு சொல்லிட்டுப் போச்சு. நானும் மண்டையை ஆட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். பக்கத்துல நின்னு நீ வேடிக்கை பார்த்த. இல்ல?"

"உங்களை மறுபடி கட்டில்ல பார்க்க எனக்குத் தெம்பில்லைங்க."

"அதுக்காகப் பொம்மையாக்கி உக்கார வெப்பியா? தப்பு பண்றடா கிழவான்னு மூஞ்சியில சொல்லியிருந்தா நான் கரண்ட் சாமானைத் தொட்டிருப்பேனா?"

அவர் எழுந்தார். பெஞ்சைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்து, வீட்டுக்குள் போய், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எதற்குப் பயந்து எட்டு மாதம் பொய் சொன்னாளோ அது கண்ணெதிரே நடந்துவிட்டது. அவள் கதவோரத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும். சுவரைப் பார்த்தபடியே அவர் குரல் வந்தது.

"எர்த் எப்படி மாட்டுன?"

"ஒயரை வெச்சு ஸ்க்ரூவை இறுக்குனேன்."

"பல் வாஷர் போட்டியா?"

"அது என்னது?"

"ஒயர் முனையில ஒரு வளையம் இருந்திருக்குமே. ஓரமெல்லாம் பல்லு பல்லா."

"அது... நொறுங்கிப் போன பழசுன்னு நெனச்சேன். குப்பையில போட்டுட்டேன்."

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாத்துலயுமா?"

"அந்த நாலுலயும். இப்பத் தையல்காரம்மா பெட்டியிலயும்."

"அடிப்பாவி! அந்தத் தகட்டுக்கு மேல பெயிண்ட் இருக்குடி. அந்தப் பல்லு பெயிண்டைக் கடிச்சு இரும்பைப் பிடிச்சாத்தான் அது எர்த். இல்லாட்டி நீ மாட்டுனதும் ஒண்ணுதான், மாட்டாததும் ஒண்ணுதான். அவகிட்ட என்ன சொல்லிட்டு வந்த?"

"இனிமே பயமில்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவர் கட்டிலை விட்டு இறங்கினார். ஷெட்டுக்குப் போய், சுவரில் இருந்த டப்பாக்களை விரலால் எண்ணி மூன்றாவதை எடுத்தார். உள்ளே கைவிட்டு, தடவித் தடவிப் பல் வாஷர் ஐந்தைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எர்த் இரும்பைப் பிடித்திருந்தால் மட்டும் எரிகிற, பேட்டரியில் கோத்த டெஸ்ட் பல்பையும் எடுத்துக்கொண்டார். செருப்பு மாட்டாமலே தெருவில் இறங்கினார்.

வேகமாக நடந்தார். சாக்கடைக் கல் ஒன்று பெயர்ந்து நின்ற இடத்தில் கால் இடறியது. அவள் கையை நீட்டினாள். தட்டி விட்டார். இரண்டாவது சந்தில் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போயிற்று. அப்போதும் அவர் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவருடைய கோபம் எப்போது தீரும், தீருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அதுவா முக்கியம். நேரம் போய்க்கொண்டே இருக்கிறதே, அந்தப் பெண் இன்னும் எத்தனை சட்டை தேய்த்திருப்பாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

தையல்காரம்மா சட்டையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க ஐயா! உக்காருங்க, டீ போடட்டுமா?"

"பிளக்கை எடும்மா முதல்ல."

அவர் சொன்ன தோரணையில் அவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

ஃபிட்டர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இருக்கிற பக்கம் என்று நினைத்து, துணி அடுக்கைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குக் கண்ணு தெரியலம்மா. இவளுக்கு வேலை தெரியல. ரெண்டு பேருமா சேர்ந்து உன்னை ஏமாத்திட்டோம். அந்தப் பெட்டி இன்னும் சரியாகல."

தையல்காரம்மா முதலில் சிரிக்கப் போனாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தன் ஈரக் கையைப் பார்த்தாள், புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"பயமில்லன்னு இப்பதானே சொன்னீங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டீயைப் பற்றிப் பிறகு அவள் பேசவில்லை.

ஃபிட்டர் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மனைவியும் எதிரே உட்கார்ந்து பின்மூடியைத் திறந்தாள். அவர் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்து, பல் இருக்கிற பக்கத்தை விரலால் பார்த்து, அவள் உள்ளங்கையில் வைத்தார். எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவள் முறுக்கினாள். பல்பை வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள்.

"எரியுதா?"

"எரியுது."

"பொய் சொல்லாத."

"சத்தியமா எரியுதுங்க."

அவர் நம்பவில்லை. தலையைத் திருப்பி, நிலையோரம் நின்றிருந்த தையல்காரம்மாவிடம் கேட்டார்.

"நீ சொல்லும்மா. எரியுதா?"