கேட்டுக்கு அந்தப் பக்கம்

மருத்துவமனையின் சலவைப் பிரிவே காலைக் காட்சிக்குக் கிளம்பி வந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களை இயந்திரங்களுக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். "படம் நல்லா இருந்தா நாளைக்கு நீங்க போங்க" என்று பெரியக்கா பெரிய மனசோடு சொன்னதற்கு அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. இப்போது படமாக வந்திருக்கும் பழைய டிவி தொடரின் டீச்சரம்மா யாரென்றே தெரியாத ஜென்மங்கள். சின்னவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

சின்னவள் என்பது சலவைப் பிரிவு வைத்த பேர். வேலைக்குச் சேர்ந்தபோது அவள்தான் கடைக்குட்டி. காதோரம் நரைத்து, மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகும் பேர் மாறவில்லை. வரிசையின் ஓரத்தில் பெரியக்கா, நடுவில் சின்னவள், அந்தப் பக்கம் மடிப்புக்காரி. பச்சை விரிப்புகளை மலைமலையாக மடித்து அடுக்குகிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பேர். மற்றவர்கள் பின் வரிசையில் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொடர் ஓடிய காலத்தில் சலவைப் பிரிவின் கடிகாரமே டீச்சரம்மாதான். தொடர் ஆரம்பிக்கும்போது துணியைப் போட்டு மூடினால், முடிகிற நேரத்துக்கு இயந்திரமும் அலசி முடித்து நிற்கும். அப்படிக் கணக்குப் பண்ணித்தான் பெரியக்கா சாப்பாட்டு நேரத்தை வைத்திருந்தாள். சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு கையும் ஓங்குகிற கணவனிடம் டீச்சரம்மா படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து, சோறு இறங்காமல் எழுந்தவர்கள் உண்டு. அந்தக் கணவனாக நடித்தவர் ஒருநாள் யாரையோ பார்க்க மருத்துவமனைக்கு வந்தார். லிஃப்டில் மடிப்புக்காரி முறைத்த முறைப்பில் மனிதர் பாதியிலேயே இறங்கிப் படியேறிப் போய்விட்டார்.

கடைசிப் பகுதி சின்னவளுக்கு நேற்று நடந்ததுபோல் இருந்தது. டீச்சரம்மா நீலப் பெட்டியைத் தூக்குகிறாள். கணவன் கூப்பிடுகிறான். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டைத் திறக்கிறாள், தாண்டுகிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவளின் இயந்திரம் கதவுப் பக்கம் கசிந்து தரையெல்லாம் வெள்ளம். அழுதுகொண்டே ஓடினாள், சிரித்துக்கொண்டே துடைத்தாள். திரும்பி வந்தபோது டிவியை அணைத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. தன்னைப் போலத்தான் அழுதிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கன்னம் வீங்கிப்போய், ஒரு கையில் மகளும் இன்னொரு கையில் நீலப் பெட்டியுமாகச் சின்னவள் வேலைக்கு வந்து நின்றாள். அந்த நிலைமையிலும் கடை கடையாக ஏறி இறங்கி, பழுப்பு வேண்டாம், கறுப்பு வேண்டாம், நீலம்தான் வேண்டும் என்று வாங்கிய பெட்டி. "டீச்சரம்மா மாதிரியே வந்துட்டேன்க்கா" என்றாள். பெரியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது சின்னவளின் நிஜக் கணவன் ஆள் விட்டிருந்தான். அண்ணன்தான் தூது. குடியை விட்டுவிட்டானாம், திருந்திவிட்டானாம். "பொண்ணுக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா அப்பன் வேணாமா?" என்று அண்ணன் தினமும் அரித்தெடுத்தார். தாங்க முடியாமல் ஒருநாள், "டீச்சரம்மா படம் வருதாம்ண்ணா. அவங்க எப்படி இருக்காங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவைத்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு, அதுதான் சரி என்று அவள் மனசும் உட்கார்ந்துவிட்டது. தனியாக நின்ற டீச்சரம்மா நன்றாக இருந்தால், இவளும் இருந்துவிடலாம்.

விளக்கு அணைந்தது. பழைய கதையை நினைவுபடுத்த, படம் அந்தக் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்கியது. நீலப் பெட்டி, கணவனின் குரல், கேட்டு. சின்னவள் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவள் விசில் மட்டும்தான் கேட்டது. மொத்த அரங்கமும் ஏன் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

திரையில் டீச்சரம்மா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். ஒரு பேருந்து வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வந்த வழியே நடந்தாள். கேட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

"மாத்திட்டானுங்க!" சின்னவள் எழுந்தே விட்டாள். "அக்கா, கதையவே மாத்திட்டானுங்கக்கா! பாவிங்க!"

"உக்காருங்கம்மா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மடிப்புக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியக்கா சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாத்தலடி" என்றாள் பெரியக்கா. "அப்பவே அப்படித்தான்."

சின்னவள் கையை உதறிக்கொண்டு, யார் யார் காலையோ மிதித்து வெளியே வந்தாள். தின்பண்டக் கடை வெளிச்சத்தில் கண் கூசியது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பெரியக்கா பின்னாலேயே மூச்சிரைக்க வந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தன வருஷமா?"

"நீ அந்தக் கோலத்துல வந்து நிக்கிற. அவ திரும்பிப் போயிட்டாடின்னு எப்படிச் சொல்லச் சொல்ற? சொல்லியிருந்தா நீயும் போயிருப்ப." பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு... அந்தத் தொடரப் போட்ட சேனலயும் மூடிட்டான், மறுபடி எங்கயும் காட்டல. அப்படியே போயிடுச்சு. படத்துல இதத் திரும்பக் காட்டுவான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

கடைசிப் பகுதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாருக்காவது வேலை ஞாபகம் வந்துவிடுவது இதனால்தானா? சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. வாடகை வீட்டுக்காரி விரட்டிய நாளிலும், மகள் காய்ச்சலில் பிதற்றிய ராத்திரியிலும், ஒருத்தி முன்னால் நடந்து போயிருக்கிறாள் என்ற தைரியத்தில்தானே நடந்தாள். முன்னால் யாருமே இல்லை. வெறும் ரோடு.

கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"என்னம்மா, பாத்துட்டியா? உங்கண்ணி விடியக்கால ஷோவுக்கே போயிட்டு வந்துட்டா. டீச்சரம்மா புருஷன் வீட்லதான் இருக்காளாமே! அப்புறம் என்ன, நாளைக்கு வண்டி எடுத்துட்டு வரவா?"

சின்னவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அண்ணா, அவங்க போகவே இல்லையாம்ண்ணா."

"அதத்தான நானும் சொல்றேன்."

"நான் வெளிய வந்துட்டேன்லண்ணா."

சொன்னது என்னவென்று அவளுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. "வண்டி எடுத்துட்டு வராதீங்க" என்று சொல்லிக் கைப்பேசியை அணைத்தாள்.

"வீட்டுக்குப் போலாம் வா" என்றாள் பெரியக்கா.

"எதுக்கு? டிக்கெட் சும்மாவா குடுத்தான்?"

உள்ளே இருட்டில் தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மடிப்புக்காரி விசும்பிக்கொண்டே, "அடிச்சுட்டான்டி, இப்பவும் அடிக்கிறான்" என்றாள். திரையில் டீச்சரம்மாவுக்கும் நரைத்திருந்தது. அதே வீடு, அதே கணவன், கன்னத்தில் அதே சிவப்பு. அறைக்குள் தனியாக நின்றவள் அலமாரியின் உச்சியைப் பார்த்தாள். பழைய போர்வைகளுக்கு அடியில் நீலப் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கை நீண்டது, பெட்டியைத் தொட்டது, அங்கேயே நின்றது.

"எடுடி!" என்று கத்தினாள் சின்னவள்.

இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "எடு!" என்றாள் மடிப்புக்காரி. பின் வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. திரையில் டீச்சரம்மா இழுத்த இழுப்பில் போர்வைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழ, பாதிப் பெட்டி அலமாரியின் விளிம்புக்கு வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது.