ஏறுமிடம்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மெக்கானிக் ஜன்னல் வழியாக மகனைத் தேடினார். பூட்டிய கடை ஷட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இவரும் காட்டினார். இன்றுதான் முதல்முறையாகத் தனியாகப் போகிறார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி வழியை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மடியில் ஒரு பை. "டேங்க் ஸ்டாப்ல எறங்கி, எதிர்ல அந்தப் பெரிய கேட்டுக்குள்ள ஆபீஸ்ல குடுத்துடுங்கப்பா, அவ்ளோதான்" என்று மகன் சொல்லியிருந்தான். பையின் ஜிப்புக்குச் சின்னப் பூட்டு ஒன்று போட்டிருந்தான். போடாவிட்டாலும் இவர் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

ஆயுள் முழுக்கத் தண்ணீர் பம்புகளைப் பழுது பார்த்தவர். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவி போன பிறகு மகன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்றுவிட்டு, இந்த ஊருக்கு வந்தார். வந்த புதிதில் பால் வாங்கப் போய் வழி தவறிவிட்டது. யாரோ போன் செய்து மகனை வரவழைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு மருமகள் பாத்திரங்களோடு பேசினாள். "நான் வேலைக்குப் போறதா, இவரத் தேடிட்டு அலையறதா?" அவர் காதில் விழவேண்டும் என்றுதான் பேசினாள், விழுந்தது. மறுநாள் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தனியா பஸ்ல போகப் பழகிட்டீங்கன்னா ஒரு பிரச்சனையும் இல்லப்பா" என்றான். அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் போகத் தெரிந்துவிட்டால் மகன் வீட்டிலேயே காலத்தைத் தள்ளிவிடலாம்.

ஞாயிறுதோறும் பாடம் நடந்தது. கண்ணாடி உடைந்த துணிக்கடை வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பெட்ரோல் பங்கில் இறங்கி மினி பஸ் பிடிக்க வேண்டும். அது ஸ்டாப்பில் நிற்காது, டிரான்ஸ்ஃபார்மர் அருகே நின்று கை காட்ட வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே "டேங்க்!" என்று குரல் கொடுக்காவிட்டால் டிரைவர் பாட்டுக்குப் போய்விடுவான். முதலில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான், அப்புறம் பின் சீட்டில், அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில். இறங்கியதும் இருவரும் டீ குடிப்பார்கள். திரும்புவது மட்டும் ஆட்டோவிலோ பைக்கிலோதான். "வர்றப்ப பஸ்ல கூட்டமா இருக்கும்பா, நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?" என்பான். கீழ்வீட்டுக்காரரிடம், "சின்ன வயசுல அவனுக்கு நான் சைக்கிள் கத்துக்குடுத்தேன், இப்ப எனக்கு அவன் கத்துக்குடுக்கறான்" என்று பெருமை அடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் மருமகள்கூடச் சிரித்த முகமாக இருந்தாள்.

இன்றைக்கு எதுவும் தப்பவில்லை. அவர் "டேங்க்!" என்று கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பதறி விழித்துக்கொண்டாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தபடி இறங்கினார்.

கேட்டில் இருந்த காவலாளி எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டார். "வாங்கய்யா. உங்க பையன் போன வாரமே வந்து எல்லாம் பேசிட்டாரு."

"குடுத்துட்டு நான் கெளம்பணும். யாருக்குன்னு அவன் சொல்லல."

"உங்களுக்குத்தான்யா. ஜன்னலோரக் கட்டிலாக் கேட்டாரு. அதையே போட்டாச்சு."

பூட்டின் சாவி ஆபீஸ் மேஜைமேல் தயாராக இருந்தது. பைக்குள் அவருடைய சட்டைகள், ஷேவிங் செட், செய்தித்தாளில் சுற்றிய மனைவியின் படம். வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த கிழவர்கள் புது ஆளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்தார்.

"போய்ச் சேந்துட்டீங்களாப்பா? பாத்தீங்களா, எவ்ளோ நல்லாப் பழகிட்டீங்க!"

"என்னடா இது?"

"நாங்க கொண்டாந்து விட்டா உங்க மருமக அழுவாப்பா. பாக்கறவங்களும் நாலு விதமாப் பேசுவாங்க. நீங்களாப் போன மாதிரி இருக்கட்டும்னுதான். கோவப்படாதீங்க. மாத்திர சைடு ஜிப்ல இருக்கு."

அதோடு போனை வைத்துவிட்டான், மறுபடி கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்படிக்கூடப் பெற்ற பிள்ளை செய்வானா? வீட்டு வாசலில் போய் நின்று கேட்டுவிடுவது என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். காவலாளி தடுக்கவில்லை. அங்கே கேட்டைப் பூட்டுகிற வழக்கமே இல்லை.

மினி பஸ் வந்தது. கை காட்டினார், நின்றது. கண்டக்டர் குனிந்து, "எங்க போகணும் பெரியவரே?" என்றார்.

"பெட்ரோல் பங்க்."

"அது இங்க வர்ற வழில இருக்கு. திரும்பறப்ப ஒன்வே, வண்டி வேற ரோட்ல போகும். எந்த ஏரியா? ஸ்டாப் பேரச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். பூட்டிய ஷட்டர் நினைவுக்கு வந்தது. மாடிப்படி, ஹாலின் மூலையில் மடித்து வைத்த பாய், மருமகளின் சிரிப்பு, எல்லாம் வந்தன. ஏறுகிற இடத்துக்குப் பெயர் என்ன என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இறங்குகிற இடத்தின் பெயரைத்தான் ஞாயிறுதோறும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தார். வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

"டேங்க்."

"டேங்க்லதான் நிக்கறீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் விசில் ஊதினார்.

பையை மார்போடு அணைத்தபடி அவர் அங்கேயே நின்றார். வளைவில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பின் சக்கரத்தில் பேரிங் போயிருந்தது.