வசதி உள்ளவர்

பிரிஜட்டுக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பைக் கிழித்துப் போட்டிருப்பாள். கிழித்தால் ரோசம்மாவின் வழக்கு அத்தோடு போச்சு என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் படித்தாள். 'மனுதாரர் வசதி உள்ளவர். கழுத்திலும் கையிலும் தங்க நகை அணிந்திருந்தார். உதவி மறுக்கப்படுகிறது.' மூன்றே வரி. கீழே கமிட்டி வக்கீல் ஆம்ப்ரோஸின் கையெழுத்து வேறு, கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி அத்தனை அலங்காரமாக.

வசதியாம், வசதி! ரோசம்மா ரேஸ்கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் விடிந்ததிலிருந்து பாத்திரம் கழுவுகிறவள். பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறையில், ஏழு வயது மகள் பிலோமினாவோடு இருக்கிறாள். புருஷன் சவரிராஜ் இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழில், வேறொருத்தியோடு காத்தோங் பக்கம் போய்விட்டான். போனவன் சும்மா இருக்காமல், பிள்ளை தனக்குத்தான் வேண்டும் என்று இப்போது வக்கீல் வைத்து வழக்குப் போட்டிருக்கிறான். இன்னும் பத்து நாளில் விசாரணை. ரோசம்மா தனியாகப் போய் நின்றால், அவர்கள் பேசுகிற இங்கிலீஷுக்கெல்லாம் தலையாட்டியே பிள்ளையைக் கொடுத்துவிட்டு வருவாள்.

பிரிஜட் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஏழைகளுக்கு வழக்கு நடத்த சில வக்கீல்களும் வியாபாரிகளும் ஒரு நிதி வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை கொடுப்பார்கள். மாணவர்கள் சிராங்கூன் ரோட்டு மாடி அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதி, சனிக்கிழமை கூடும் கமிட்டியிடம் கொண்டுபோக வேண்டும். கமிட்டி சரி என்றால் காசு வாங்காமல் ஒரு வக்கீல் கோர்ட்டில் நிற்பார். மாணவர்கள் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. ஏப்ரலில் கமிட்டி நடத்திய நேர்முகத் தேர்வுக்குப் போய், மூன்றில் ஓர் இடத்தைப் பிடித்தவள் பிரிஜட்.

அன்று சாயங்காலமே பஃபலோ ரோட்டுக்குப் போனாள். ரோசம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த நகை யாரோடது?"

"பக்கத்து ரூம் ஹலீமாவோடது. எதுக்குத் தங்கச்சி கேக்குற?"

"அப்புறம் ஏன் உங்களோடதான்னு கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்க? அதனாலதான் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. வித்து வக்கீல் வெச்சுக்கலாமாம்."

ரோசம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "பின்ன? கோட்டு போட்ட ஆம்பளைங்க முன்னாடி இரவல்னு சொல்லச் சொல்றியா? நீதானே, பெரியவங்கள்லாம் இருப்பாங்க, நல்லா உடுத்திக்கிட்டு வாங்கக்கான்னு சொன்ன?"

பிரிஜட்டுக்குச் சுருக்கென்றது. சொன்னவள் அவள்தான். அழுக்குச் சேலையோடு போனால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்து, அக்கறையாகத்தான் சொன்னாள். ரோசம்மாவும் தட்டாமல், இருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டி, பக்கத்து அறையில் நகை வாங்கிப் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஊரில் யார்தான் பெரிய இடத்துக்கு அப்படிப் போகவில்லை?

"சரிக்கா. இன்னொரு தடவை கேக்க ரூல் இருக்கு. சனிக்கிழமை வாங்க. நகை வேணாம். வேலைக்குப் போற சேலையிலயே வந்துடுங்க."

"நல்லாருக்கு லா உன் யோசனை. போன வாரம் என்னுதுன்னு சொன்னேன். இந்த வாரம் வெறுங்கழுத்தோட போனா, எங்கேயோ ஒளிச்சு வெச்சிட்டு நடிக்கிறான்னு சொல்ல மாட்டாங்களா?"

சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள். போட்டால் பணக்காரி, கழற்றினால் கள்ளி. பிரிஜட் படியிறங்கினாள். அந்த மூன்று வரியை எழுதின பேனாவின் மேலும், உடுத்திக்கொண்டு வா என்ற தன் வாயின் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை காலை, தோ பாயோ வீட்டில் அவள் புறப்படும்போது, வழக்கம்போல அண்ணி தன் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டாள். கமிட்டி நாளென்றால் அப்படித்தான். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டில் இருக்கிற ஒரே சங்கிலி அதுதான்.

"பத்திரம், தொலைச்சிடாத" என்றாள் அண்ணி.

பிரிஜட்டின் கை சங்கிலிமேல் அப்படியே நின்றது. இதே சங்கிலியோடுதான் ஏப்ரலில் கமிட்டியின் மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

மாடி அறையில் ஆம்ப்ரோஸும் ஜவுளிக்கடை ஜலாலுதீனும் உட்கார்ந்திருந்தார்கள். ரோசம்மா அதே பட்டுச் சேலை, அதே நகையோடு வந்து நின்றாள். ஆம்ப்ரோஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னம்மா பிரிஜட், எதுவும் மாறலையே. நமக்கு வர்ற பணம் உண்மையான ஏழைங்களுக்குத்தான் போகணும்."

"என் ஃபைலை எடுங்க சார்."

"உன் ஃபைலா?"

"ஏப்ரல் இன்டர்வியூ ஃபைல். என்னைப் பத்தி என்ன எழுதினீங்கன்னு படிங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஜலாலுதீன்தான் அலமாரியைத் திறந்து தேடி எடுத்தார். "நல்ல மார்க். நல்ல தோற்றம். பெரிய இடங்களுக்கு அனுப்பத் தகுதியானவர்" என்று படித்தார்.

பிரிஜட் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது என் அண்ணியோடது சார். அன்னைக்கும் இதுதான். சேலை சித்தியோடது, செருப்பு ஃப்ரெண்டோடது. இரவல்ல வந்த எனக்கு நல்ல தோற்றம்னு எழுதி இடம் கொடுத்தீங்க. அதே மேசைக்கு நகை போட்டுட்டு வந்த அக்காவுக்கு வசதி உள்ளவர்னு எழுதி கதவைச் சாத்திட்டீங்க. என்ன வித்தியாசம்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

"நீ படிச்ச பொண்ணு. உன் கதை வேற" என்றார் ஆம்ப்ரோஸ்.

"பாத்திரம் கழுவுறவங்க மட்டும் பார்த்ததும் ஏழைன்னு தெரியற மாதிரி வரணுமா? அப்ப வாசல்ல போர்டு போடுங்க சார். கிழிஞ்சது கட்டிட்டு வந்தாத்தான் உள்ளேன்னு. நானும் தெரியாம நல்லா உடுத்திட்டு வரச் சொல்லி ஆளைக் கெடுக்க மாட்டேன்."

அதுவரை குனிந்து நின்ற ரோசம்மா நிமிர்ந்தாள். மேசைமேல் கிடந்த சங்கிலியைப் பார்த்தாள். பிறகு தன் வளையல்களை ஒவ்வொன்றாக உருவி அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இதுவும் இரவல்தான் சார். பக்கத்து ரூம் பொம்பளையோடது. போன வாரம் சொல்ல வாய் வரல. எனக்குன்னு இருக்கிறது என் புள்ள ஒண்ணுதான். அதைக் கேட்டுத்தான் வந்தேன்."

கீழே மார்க்கெட் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஜலாலுதீன் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்த மூன்று வரியையும் குறுக்கே அடித்து, கையெழுத்துப் போட்டு, ஆம்ப்ரோஸிடம் தள்ளினார். ஆம்ப்ரோஸ் காது சிவக்கக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவரும் போட்டார்.

"வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நானே வர்றேன்" என்றார். வக்கீல் குரல் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. "ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடணும்மா. முக்கியமா ஒண்ணு. நல்லா உடுத்திட்டு வாங்க. புள்ளைய வளர்க்க இவளால முடியும்னு பார்த்ததும் ஜட்ஜுக்குத் தோணணும்."

பிரிஜட் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். பேச வாயெடுத்தவளை ரோசம்மா கையமர்த்தினாள். வளையல்களை எடுத்து நிதானமாகத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஆம்ப்ரோஸின் முன்னால் நீட்டினாள்.

"இதையே போட்டுட்டு வரலாமா சார்?"

ஆம்ப்ரோஸ் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினார்.