இருபத்து நான்கு வோல்ட் மாமனார்

மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசும் வீடுகள் கோச்கோர் என்ற அந்த மலையூரில் இப்போது எத்தனையோ வந்துவிட்டன. கிழவர் துர்தாகூன் வீடு மட்டும் மசியவில்லை. அங்கே எல்லாப் பேச்சும் மாமியார் சைராகுல் வழியாகத்தான். கதவு திறந்தே கிடக்கும். அவர் சொல்வது மருமகள் சைக்காலுக்கு ஓர் எழுத்து விடாமல் காதில் விழும். ஆனாலும் மாமியார் வந்து சொன்ன பிறகுதான் கேட்டதாக அர்த்தம்.

அன்று சைக்கால் தன் செல்போன் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வீடு திரும்பியபோது கொதிகலன் அறையில் கருகல் வாடை. அவள் பார்த்துப் பார்த்துச் செய்த சின்ன மின்பலகை புகைந்து கிடந்தது.

வெந்நீர் பம்பு நின்றால் குழாய் வெடித்துவிடும் என்று கிழவர் இரவில் உறைபனியில் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். போன குளிர்காலத்தில் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு குளிரை அந்த நெஞ்சு தாங்காது என்று சைக்காலுக்குப் பயம். பம்பு நின்றால் போனில் மணியடிக்க வைப்பதற்குத்தான் அந்தப் பலகை. பம்பை ஓட்டுவதோ அவரே செய்த பழைய பெட்டி. மருமகளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அவர் பெட்டியின் கம்பியை நேராகப் பலகையில் செருகிவிட்டார்.

"ஒரு கம்பிய தாங்கல. இதெல்லாம் ஒரு பலகையான்னு கேளு அவள," என்றார் உள்ளேயிருந்து.

சைராகுல் வாசற்படிக்கு வந்தாள். "மகளே, பலகை வீணாப்போச்சேன்னு அப்பா வருத்தப்படுறாரு."

"அவரு பெட்டி இருபத்து நாலு வோல்ட் அனுப்புதும்மா. இது மூணுக்கு மேல தாங்காது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"உங்க பெட்டிக்கு பலம் ஜாஸ்தியாம்," என்றாள் சைராகுல் உள்பக்கம் திரும்பி.

மறுநாள் சைக்கால் இன்னொரு பலகையும் நான்கு கால் சில்லு ஒன்றும் கொண்டுவந்தாள்.

"இந்த நாலு கால் சில்லுக்குள்ள இந்தப் பக்கம் ஒரு குட்டி விளக்கு, அந்தப் பக்கம் ஒரு கண்ணும்மா. பெட்டி விளக்க ஏத்தும். கண்ணு பாத்து பலகைக்குச் சொல்லும், அது தாங்குற அளவுக்கு. ரெண்டும் தொட்டுக்கவே தொட்டுக்காது."

உள்ளே இருமல், பிறகு குரல். "நம்ம வீட்ல அந்த வேலை பாக்குறதுக்கு ரெண்டே காலு. அதுவும் முட்டி வலிக்குதுன்னு பொலம்பிட்டே திரியும்."

இதை சைராகுல் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

அதைப் பொருத்த வேண்டிய நாளில் சைராகுல் தன் தங்கை வீட்டு விருந்துக்குப் போய்விட்டாள். இரவு பனி கொட்டும் என்றார்கள், காத்திருக்க முடியாது. சைக்கால் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கிழவர் வாசலில் முதுகைக் காட்டி நின்றார். முனைகளில் எழுதியிருந்தது எல்லாம் அழிந்திருந்தது. பம்பு ஓடுகிறதா என்று காட்டும் சைகை முனை எது என்று கேட்கலாம்தான். கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கரண்டுதான் இல்லையே என்று ஒரு முனையை நோக்கி விரலை நீட்டினாள்.

கிழவர் எதற்கோ திரும்பினார்.

"தொடாத மகளே!"

அவள் கை அப்படியே நின்றது.

"அதுக்குத் தனி லைன். கொட்டகையிலேருந்து நான்தான் இழுத்தேன்." "வீட்டு சுவிட்ச அணைச்சா இது சாகாது."

அவரே கொட்டகைக்கு ஓடி அணைத்துவிட்டு வந்தார். "இடது பக்கம் ரெண்டாவது," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சைக்கால் அழுதுகொண்டே கம்பியை இணைத்தாள். 'மகளே' என்பது மாமியார் தன் கையிலிருந்து போடும் சர்க்கரை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மறுநாள் சைராகுல் வந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இரவு முழுவதும் கிழவர் படுக்கையை விட்டு எழவில்லை. வந்தவள் வழக்கம்போல வாசற்படியில் நின்றாள். இருவரும் அவள் வேலையைப் பறிக்கவில்லை.

"டீல உப்பு பத்தலன்னு சொல்லு அவகிட்ட," என்றார் கிழவர். அந்த ஊரில் டீக்கு உப்புதான்.

"மகளே, டீ ரொம்ப நல்லாருக்காம்."

அதில் ஒரு சொல் மட்டும் பொய்யில்லை என்று சைக்காலுக்குத் தெரியும். உப்பை எடுத்துக் கொடுத்தாள்.