செவ்வாய்க்கிழமை பதினொரு மணி

1

2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை காலை 10.50க்கு, பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் எண் லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் இடையில் நின்றது. உள்ளே யாரும் இல்லை.

இந்தக் கதை அங்கேதான் கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவள் நான். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பணப் பக்கத்துக்கு எழுதுகிறேன். செவ்வாய் எனக்கு விடுமுறை. லிஃப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் என் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார். குடித்த பிறகு டம்ளரைத் திருப்பித் தராமல், என் தோளுக்கு அப்பால் கூடத்தைப் பார்த்தபடி நின்றார்.

"இந்த வெயில் தினமும் இப்படித்தான் மேஜை வரைக்கும் வருமா மேடம்?"

"தெரியலையே. கவனிச்சதில்லை."

"வீட்டுல இருந்துகிட்டே கவனிக்கலைங்கறீங்க. நல்ல ஆளு."

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டு வாசல்களில் நின்று லிஃப்ட் பழுது பார்க்கிறார். வேலைநாளில், காலை பதினொரு மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதாம்.

"ஞாயித்துக்கிழமை பாத்திருப்பீங்களே?"

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வேற, செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வேற மேடம்." டம்ளரைத் தந்தார். "இன்னும் ரெண்டே வருஷம். வேலையை விட்டுடுவேன். அப்ப எனக்கு நாப்பத்தாறு."

பணப் பக்கத்துக்கு எழுதுபவளிடம் இதைச் சொன்னால் விடுவேனா?

2

இந்தக் கதைக்குத் தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

'சிக்கனம் என்பது கஞ்சத்தனம் அல்ல, அது ஒரு—' (இது அவர்களைப் பற்றிப் பணப் பக்கத்துக்கு எழுதிய கட்டுரைக்குப் போய்விட்டது. அங்கே பொருத்தமாகவே இருந்தது.)

'மூச்சை இழுத்துப் பிடிங்க, என்றாள் அவள்.' இதில் மெக்கானிக்கின் மனைவியை எக்ஸ்ரே எடுப்பவளாக வைத்திருந்தேன். ஆண்டுக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழும் குடும்பம், மூச்சைப் பிடிக்கச் சொல்லும் தொழில். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் இருந்ததால் அடித்துவிட்டேன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள்.

மூன்றாவது, நீங்கள் படித்த லிஃப்ட்.*

* செய்தியில் கணவன், மனைவி இருவருமே 'அவர்'. கதைக்குள் வந்ததும் மனைவி 'அவள்' ஆகிவிடுகிறாள். யார் பேசுகிறார்கள் என்ற குழப்பம் வராமலிருக்க நானும் அதையே செய்கிறேன். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

3

செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, வாடகை வீடு, மூன்றாவது மாடி, படிக்கட்டு. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், நமக்கு மாடிப்படி" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் வலது முட்டியைப் பிடித்தபடி எனக்கு முன்னால் ஏறினார்.

அவர்களுடைய விதி எளிது. குடும்பத்தின் ஓராண்டுச் செலவைப் போல முப்பது மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம். செலவைக் குறைத்தால் மிச்சமும் கூடும், எட்ட வேண்டிய தொகையும் குறையும். ஆகவே முடியை வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழிக்கிறார்கள். செய்தித்தாள் மறுநாள்தான் வருகிறது, மருந்துக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பிறகு.

மகளுக்கு வயது பதின்மூன்று. அப்பா வைத்த செல்லப்பெயர் வட்டி. "முதல் வைப்புத்தொகை முதிர்ந்த மாசம் பொறந்தா. கேக்காமலே கூடிக்கிட்டே போறா" என்றார் அவர்.

"எங்க வீட்டு ஃபேன்கூட சம்பளம் வாங்கிட்டுதான் சுத்தும் ஆன்ட்டி" என்றாள் வட்டி. "ஃபிரெண்ட்ஸ் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை நானே செய்யணும். அம்மா கடை மருந்துப் பெட்டியை வெட்டி. தொறந்து பாத்தா உள்ள 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'னு இருக்கும்."

"வாழ்த்துதானே அதுவும்?" என்றார் அப்பா.

"போங்கப்பா."

ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சடங்கு. அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சி கிடையாது, போன் கிடையாது. மனைவி கோப்பைத் திறப்பாள். ஒவ்வொரு முதலீட்டுக்கும் ஒரு பக்கம்: வங்கி வைப்புத்தொகை, வருங்கால வைப்பு நிதி, மியூச்சுவல் ஃபண்டுகள். அவள் ஒவ்வொரு பக்கத்தின் இன்றைய மதிப்பையும் உரக்கப் படிக்க, அவர் கால்குலேட்டரில் கூட்டி, ஆண்டுச் செலவால் வகுத்து, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தாளில் பென்சிலால் புள்ளி வைப்பார். அன்றைய புள்ளி 27.4.

புள்ளி வைத்த பிறகு, வருங்காலச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசுவார். என் குறிப்பேட்டில் இருப்பது அப்படியே: 'பிரம்பு நாற்காலி (இன்னும் வாங்கவில்லை). கால் நீட்ட ஸ்டூல். ஜன்னல் பாதி திறந்து. குழாய் சொட்டும் சத்தம்: "அதை நானே சரி பண்ணிடுவேன், ஆனா உடனே இல்ல." பக்கத்து வீட்டு ரேடியோ. அன்றைக்கு வந்த பேப்பர், அன்றைக்கே.'

"சொல்லி முடிச்சிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"முடிச்சாச்சு."

அவள் கோப்பை மூடினாள்.

4

பணப் பக்கத்துக்கு அட்டவணை வேண்டும். கோப்பின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். மனைவி புதன்கிழமை அனுப்பினாள். கூட்டிப் பார்த்தேன். முப்பதுக்குச் சற்று மேலே, 30.1 வந்தது.

மறுபடி கூட்டினேன். பிறகு பக்கங்களை எண்ணினேன். எட்டு. ஞாயிற்றுக்கிழமை அவள் படித்தவை ஏழு.

எட்டாம் பக்கம் பிப்ரவரியில் தொடங்குகிறது. அவள் வேலை செய்யும் கடை அந்த மாதம் கைமாறியது. பழைய முதலாளி, பதினாறு வருட வேலைக்கான தொகையை மொத்தமாகக் கொடுத்து அவள் கணக்கைத் தீர்த்திருந்தார். அவள் புது முதலாளியிடம் வேலையில் தொடர்ந்தாள். (அந்தப் பக்கம் முழுக்க அவளுடைய உழைப்பு என்பது என் கற்பனையாக இருந்திருந்தால், எக்ஸ்ரேவைப் போல இதையும் அடித்திருப்பேன்.)

ஏழு மாதமாக அந்தப் பக்கத்தை அவள் படிக்கவில்லை. மெக்கானிக் இப்போதே வேலையை விட்டுவிடலாம். அது அவருக்குத் தெரியாது.

5

அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

சந்தை விழுந்துவிடுமோ என்ற பயம். ஆனால் பயப்படுகிறவள் சொல்லிவிட்டுப் பயப்படலாமே.

சும்மா இருக்கும் கணவனை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்ற— (இது பட்டிமன்ற நகைச்சுவை. வெட்கத்துடன் அடிக்கிறேன்.)

பணத்தைத் தனியே எடுத்துக்கொண்டு எங்காவது போகிற எண்ணம். இதைத்தான் அதிக நேரம் நம்பினேன். நம்பியதில் ஒரு பரபரப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

6

வெள்ளிக்கிழமை மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் சாப்பிடும் நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன்.

"எட்டாம் பக்கம்" என்றேன்.

டப்பாவை மூடினாள். "அதையும் அனுப்பிட்டேனா?"

"தெரியாமயா அனுப்பினீங்க?"

"தெரியலை மேடம்."

"ஏழு மாசம்மா. அவரு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறறாரு."

"அந்த முட்டிக்கு தைலம் தேய்க்கறது யாருன்னு நினைக்கறீங்க? தேய்க்கறப்பல்லாம் வாய் வரைக்கும் வருது." கை கழுவி வந்தாள். "அக்கா, அன்னைக்கு அவரு சொன்னதை எழுதிக்கிட்டீங்கல்ல? படிங்களேன்."

குறிப்பேட்டை எடுத்துப் படித்தேன். நாற்காலி, ஸ்டூல், ஜன்னல், குழாய், ரேடியோ, பேப்பர்.

"அதுல நான் எங்க இருக்கேன்?"

மறுபடி பார்த்தேன்.

"கல்யாணம் ஆன புதுசுலேர்ந்து இதே நாற்காலி, இதே ஜன்னல். ரேடியோ பக்கத்து வீட்டுக்காரங்களோடது. பாருங்க, அவங்களுக்குக்கூட எடம் இருக்கு."

"கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லுவாரு. 'அட லூசு, நீ இல்லாமலா, இதையெல்லாமா தனியா சொல்லுவாங்க'ம்பாரு. நல்ல மனுஷன்தான். ஆனா கேட்டதுக்கப்புறம் அது நான் சொன்னதாயிடும்ல?" ஷட்டருக்கு வெளியே யாரோ நாணயத்தால் தட்டினார்கள். "ஒரு ஞாயித்துக்கிழமை அவரா சொல்லட்டும். அன்னைக்கே படிச்சிடறேன் எட்டாம் பக்கத்தை. இதுக்கு மேல ஒண்ணும் இல்லக்கா."

"சொல்லவே இல்லைன்னா?"

"வர்றேங்க, ரெண்டு நிமிஷம்!" என்று வெளியே நின்றவரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

7

கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம்: 'மனைவியுடன் அமர்ந்து நிதானமாகப் பேப்பர் படிக்க வேண்டும் என்கிறார்.' இப்படிப்பட்ட வாக்கியங்கள் நாளிதழ்களில் தினமும் வருகின்றன. யாரும் மறுப்பதில்லை. அந்த மெக்கானிக்கே படித்துவிட்டு, நாம்தான் சொன்னோம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார். தட்டச்சும் செய்தேன். பிறகு, அதை யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியுமே என்று தோன்றியது. நீக்கினேன்.

கட்டுரை செப்டம்பர் 29 அன்று வந்தது. 'அவர்கள் கணக்குப்படி 27.4 மடங்கு' என்று எழுதியிருந்தேன். 'அவர்கள் கணக்குப்படி' என்பது என் தொழிலில் ஒளிந்துகொள்ளும் இடம். மெக்கானிக் போன் செய்து நன்றி சொன்னார். "அச்சுல பாக்கறப்ப கிட்டத்துல வந்துட்ட மாதிரி இருக்கு மேடம்" என்றார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

கதையிலாவது துணிச்சல் வரட்டும் என்று ஒரு முடிவு எழுதினேன். ஞாயிறு காலை. அவர் புள்ளி வைக்கிறார். பென்சில் நிற்கிறது. "நாற்காலி ரெண்டா வாங்கிடலாமா?" என்கிறார். அவள் எட்டாம் பக்கத்தைத் திருப்புகிறாள். இரண்டு நாள் இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் உரக்கப் படித்தபோது அந்த வாக்கியத்தில் என் குரல் கேட்டது. அவள் இத்தனை மாதமாகக் கேட்டு வாங்க மறுத்த ஒன்றை நான் எழுதிக் கொடுப்பதாவது.

இன்னொன்று: சந்தை சரிகிறது, எட்டுப் பக்கமும் சேர்ந்தே முப்பதுக்குக் கீழே போகிறது, மறைத்ததற்குப் பொருளே இல்லாமல்— (சந்தை அந்த மாதம் எனக்கு ஒத்துழைக்கவில்லை.)

நியாயமான ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். இதை அவர் படித்தால்? அவர் பணப் பக்கம் மட்டும் படிப்பவர். தவிர, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். லிஃப்ட் அவற்றில் ஒன்றா என்று சொல்ல மாட்டேன். மாற்றாதது அந்த எட்டாம் பக்கம் மட்டும்.

8

அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் வேலையில் மெக்கானிக்கின் முட்டி வீங்கிவிட்டது. மூன்று நாள் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்றார் மருத்துவர். வட்டி பள்ளிக்கூடம் போய்விட்டாள், மனைவி கடைக்குப் போய்விட்டாள். காலை பதினொரு மணிக்கு மெக்கானிக் தன் வீட்டில் தனியாக இருந்தார்.

மதியம் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மூணு தடவை போன் பண்ணிட்டாருக்கா, ரெண்டு தடவை கடை நம்பருக்கே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற போனைத் தவிர வேற எதுக்கும் கடை நம்பருக்கு யாரும் கூப்பிடக் கூடாது. புது முதலாளி பாத்துக்கிட்டே நின்னாரு."

"என்னவாம்?"

"முதல்ல, தைலம் எங்க இருக்குன்னு கேட்டாரு. கைக்கு எட்டுற எடத்துலதான் வெச்சிட்டு வந்தேன். ரெண்டாவது, 'நம்ம வீட்டுல வெயில் ஜன்னல்கிட்டயே நின்னுடுதுடி, உள்ள வரவே இல்ல'ன்னாரு. நான் என்ன பண்ண, பிடிச்சு இழுத்துட்டு வரவா?"

"மூணாவது?"

"என் செல்லுக்குப் பண்ணினாரு. 'என்னங்க'ன்னேன். 'சும்மா'ன்னாரு."

"சும்மாவா?"

"சும்மான்னா என்னன்னேன். 'சும்மாதான். கடையில கூட்டமா'ன்னாரு. இல்லைன்னேன். 'சரி'ன்னாரு. ஆனா வெக்கலை. நானும் வெக்கலை. பக்கத்து வீட்டு ரேடியோ எனக்கே கேட்டுது. நாலு நிமிஷம் பதினோரு வினாடின்னு போன் காட்டுதுக்கா. அதுல பேசினது அரை நிமிஷம்கூட இருக்காது."

நான்கு நிமிடம் பதினொரு வினாடி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

"நீ இருந்தா நல்லாருக்கும்னு அவரு சொல்லலை. அதுக்காகச் சொல்லவே இல்லைன்னும் சொல்ல முடியலை. நீங்க எழுதறவங்கதானே, சொல்லுங்க. இது சொன்ன கணக்கா, சொல்லாத கணக்கா?"

"எனக்குத் தெரியலைம்மா."

"எழுதறவங்களுக்கே தெரியலைன்னா அப்ப யாருக்குத்தான் தெரியும்?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளி வந்துவிட்டார் என்று வைத்துவிட்டாள்.

9

அந்தக் கேள்வியை உங்களிடம் தருகிறேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. என்னிடம் பதில் இருந்திருந்தால் இந்தப் பகுதியை எழுதியிருக்கவே மாட்டேன். நான்கு நிமிடம் பதினொரு வினாடியை வாக்கியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்தால், அவளை எட்டாம் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு மனிதன் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வாழ்வதைத்தான் அவள் இத்தனை வருடமும் செய்துவந்தாள் என்று நினைத்தால், பொறுத்திருக்கச் சொல்லுங்கள். அவருடைய முட்டியையும் மறந்துவிடாதீர்கள். என்னால் இந்த இரண்டில் எந்தப் பக்கத்திலும் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவளே எனக்குச் செய்தியாக அனுப்பினாள், ஒரே வரியில், காரணம் எதுவும் எழுதாமல்.

அக்டோபர் 13, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவள் கோப்பைத் திறந்து ஏழு பக்கங்களைப் படித்தாள். மெக்கானிக் 27.6 என்று புள்ளி வைத்தார். மறுநாள் ஏழே காலுக்கு வேலைக்குக் கிளம்பினார்.